அப்பத்தா சொம்பில் 41 ரூபாய்க் காசு: எது முழு வெள்ளி, எது அரை வெள்ளி

அப்பத்தாவின் வருஷத் திதி முடிந்த மறுநாள் காலையில்தான் அந்தப் பித்தளைச் சொம்பை அத்தை எடுத்துவந்து திண்ணையில் கவிழ்த்தார். பழைய வேட்டித் துணியில் முடிந்து வைத்த காசு. எண்ணிப் பார்த்தால் 41 ஒரு ரூபாய்க் காசு, கூடவே பனைபோல ஒரு மரம் போட்ட சிலோன் ஐம்பது சதம் இரண்டு. பங்கு மூன்று: சித்தப்பா, அத்தை, இறந்துபோன அப்பாவின் இடத்தில் நான்.

சித்தப்பாவின் கணக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆளுக்கு 13, மிச்சம் 2 குலசாமி உண்டியலுக்கு. "வெள்ளின்னா வெள்ளிதானடா" என்றார் அத்தை. பழைய காசு சேர்க்கிற கிறுக்கு எனக்குச் சில வருடங்களாக உண்டு என்பதால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. அந்தக் குவியலில் சில காசுகளில் இருக்கிற வெள்ளி மற்றவற்றில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு காசில் வெள்ளியே கிடையாது. கைக்கு வந்ததை அள்ளிப் பங்கு வைத்தால் ஒருவருக்கு 139 கிராம் வெள்ளியும் இன்னொருவருக்கு 76 கிராமும்கூடப் போகலாம்.

"அப்ப நீயே பாத்துப் பிரிச்சுக் குடு" என்று சித்தப்பா குவியலை என் பக்கம் தள்ளிவிட்டார். பார்த்தே பிரித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். கண்ணை நம்பி எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் அது காலை வாரும் என்பதெல்லாம் அடுத்த இரண்டு நாளில்தான் தெரிந்தது.

குவியலில் இருந்தது என்ன

1835-இல் கம்பெனி ஆட்சி நாடு முழுக்க ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் 12-இல் 11 பங்கு வெள்ளி, மீதி செம்பு. நூற்றுக்கு 91.7. நாட்டு மருந்துச் செய்முறைகளில் பழைய ஆட்கள் 'ஒரு ரூபாய் எடை' என்று எழுதிவைத்தது இந்தக் காசின் எடையைத்தான். நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று தலை மாறியதே தவிர வெள்ளி மாறவில்லை. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1938, 1939 காசுகள் வரைக்கும் அதே மாற்றுதான், அதாவது வெள்ளியின் அதே தரம்.

போர் வந்தது. வெள்ளிக்குத் தட்டுப்பாடு. ஜனங்கள் காசைப் பதுக்க ஆரம்பித்தார்கள். 1940-இல் அரசு வெள்ளியைப் பாதிக்குக் கொண்டுவந்தது: 50 வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். இதிலும் ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. நாலணா முதலில், எட்டணா அடுத்து, ரூபாய் கடைசியில். எடை அதே 11.66 கிராம், விட்டமும் அதே, ராஜாவும் அதே ராஜா. காசை வாங்குகிறவன் திடுக்கிடக்கூடாது என்பதுதானே நோக்கம்! 1947-இல் வெள்ளியையே விட்டுவிட்டு, பின்பக்கம் புலி நடக்கிற மாதிரி சுத்த நிக்கலில் ரூபாய் அடித்தார்கள்.

இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டிய ஒன்று. பாதி வெள்ளிக் காசைப் புழக்கத்தில் விட்ட அரசு, முழு வெள்ளிக் காசை ஒவ்வொன்றாகச் செல்லாது என்று அறிவித்தது. 1941-இல் விக்டோரியா, 1942-இல் எட்வர்ட், 1943-இல் ஐந்தாம் ஜார்ஜும் ஆறாம் ஜார்ஜின் முதல் காசுகளும். ஆக, அப்பத்தாவின் மாமியார் காலத்தில் சொம்புக்குள் போனவை சட்டப்படி செல்லாக் காசுகள். வெள்ளி அதிகம் இருந்ததும் அவற்றில்தான்.

ஆண்டு படிக்க முடிந்தவற்றைக் கடைசியில் எண்ணியபோது விக்டோரியா 6, எட்வர்ட் 3, ஐந்தாம் ஜார்ஜ் 11, 1938-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் 1, 1940 முதல் 1945 வரையிலான அரை வெள்ளி 15, புலி போட்ட நிக்கல் 2. ஒன்றுமே படிக்க முடியாமல் 3.

ஐந்தாம் ஜார்ஜில் 1911 இருக்கிறதா என்று சித்தப்பா இரண்டு முறை கேட்டார். அந்த ஆண்டுக் காசில் ராஜாவின் அங்கியில் தொங்குகிற யானை, பார்க்கப் பன்றிபோல இருக்கிறது என்று சலசலப்பு கிளம்பி, காசைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். செல்போனில் அதன் விலையை யாரோ லட்சக்கணக்கில் சொல்லியிருக்கிறார்கள் அவருக்கு. இல்லை, எல்லாம் 1912-க்குப் பிந்தியவை. இருந்திருந்தாலும் வெள்ளி அதே அளவுதான்.

கண்ணுக்கு வைத்த பரீட்சை

ஆண்டைப் படித்தால் 36 காசுக்கு விடை கிடைத்துவிடும், அதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஆனால் படிக்க முடியாத மூன்றுக்கு நிறம்தானே துணை? அந்த நிறத்தை நம்பலாமா என்று பார்க்க, விடை தெரிந்த காசுகளை வைத்தே என்னைச் சோதித்துக்கொண்டேன். ஒரு அட்டையில் பட்டாணி அளவு ஓட்டை போட்டேன். தங்கை ஒவ்வொரு காசாக அட்டைக்கு அடியில் வைப்பாள். தலையும் தெரியாது, ஆண்டும் தெரியாது. ராஜாவின் கன்னத்தில் கொஞ்சம், பூப் பக்கத்தில் வெற்றிடம் கொஞ்சம், அவ்வளவுதான் தெரியும். முழு வெள்ளியா அரை வெள்ளியா என்று நான் சொல்ல, அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். இடம் திண்ணை, நேரம் காலை ஒன்பது மணி, நேர் வெயில் படாத வெளிச்சம், அடியில் வெள்ளைத் தாள். டியூப் லைட்டில் முயன்று பார்த்தோம். எல்லாக் காசும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரிந்ததால் விட்டுவிட்டோம்.

நிக்கலைப் பற்றி முதலிலேயே சொல்லி ஒதுக்கிவிடலாம். அது எஃகுத் தம்ளர்போல நீலம் கலந்த சாம்பல். வெள்ளியின் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் காந்தத்தைக் காட்டினால் போதும், ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக் காசு இரண்டு வகையும் ஒட்டாது.

மீதி 39. அவற்றில் ஒரு சிக்கல் இருந்தது. முந்தின நாள் மாலை, காசு பளிச்சென்று இருக்கட்டும் என்று அத்தை 18 காசைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டார். மற்ற 21 சொம்பில் கிடந்த அழுக்கோடு அப்படியே இருந்தன. அப்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் இந்த ஆய்வில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்தப் புளியால்தான்.

படிக்க முடியாத மூன்றையும் பிறகு விடை தெரிந்ததும் சேர்த்துக்கொண்டால், கழுவாத 21-இல் நான் தவறாகச் சொன்னது 2. கழுவிய 18-இல் தவறு 7.

தோலும் சதையும்

ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தைப் புழங்கியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். புதிதாகப் பூசி வந்தபோது உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். நாளாக ஆக, கரண்டி உரசுகிற இடத்தில் முதலில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். அரை வெள்ளிக் காசும் அப்படித்தான், ஆனால் அதன் மேல் யாரும் எதையும் பூசவில்லை. அச்சடிப்பதற்கு முன்னால் வட்டத் தகட்டைச் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். சூட்டில் மேற்பரப்பில் இருக்கிற செம்பு கருத்துப்போகும். அதை அமிலத்தில் முக்கினால் கருத்த செம்பு கரைந்து போய், வெள்ளி மட்டும் மேலே மெல்லிய தோலாக நிற்கும். அந்தத் தோலின் மீதுதான் ராஜாவின் தலை விழுகிறது. ஆலையிலிருந்து வெளியே வருகிற அன்று, பாதி செம்பும் மற்றதும் உள்ள காசு முழு வெள்ளிக்குச் சமமாக வெளுத்துத் தெரியும்.

நம்மூர் ஆசாரிகள் வேலை முடிந்த வெள்ளிச் சாமானைப் புளித் தண்ணீரில் கொதிக்கவிட்டு வெளுப்பதும் இதே வித்தைதான். அத்தை திண்ணையில் செய்தது அதன் சின்னப் பதிப்பு. தேய்ந்த இடங்களில் எட்டிப் பார்த்த செம்பின் கறையைப் புளி கரைத்துவிட்டது. எனக்குச் சாட்சி சொல்லியிருக்க வேண்டிய பழுப்பு, கழுவிய தண்ணீரோடு போய்விட்டது. நான் தப்பாகச் சொன்ன 7-இல் 5, அரை வெள்ளியை முழு வெள்ளி என்று சொன்னவை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியிருக்கிறேன். மீதி 2 நேர்மாறு: சரியாக அலசாததால் மஞ்சள் படிந்திருந்த நல்ல வெள்ளியை மட்டமென்று தள்ளியவை.

கழுவாத காசில் கண் சரியாக வேலை செய்ததற்குக் காரணமும் இதுவே. தேய்ந்த அரை வெள்ளிக் காசில் கிரீடத்தின் விளிம்பு, காது, கன்னம், மீசைக்கு மேல் மேடு ஆகிய உயர்ந்த இடங்களில் மங்கலான மஞ்சள் கலந்த பழுப்பு இருந்தது. பள்ளத்தில் மட்டும் வெண்மை ஒளிந்திருந்தது. முழு வெள்ளியில் நேர் எதிர். மேடெல்லாம் வெள்ளை, பள்ளத்தில் கறுப்பு. வெள்ளி கறுக்கிற விதமும் வேறு: முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் ஊதா, கடைசியில் நீலம் ஓடிய கறுப்பு. அரை வெள்ளி அப்படி வண்ணம் காட்டாது. கைபட்ட பித்தளைபோல் மங்கிப் பழுப்பாகத்தான் போகும். எனவே 'எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது' என்று கேட்டுக்கொண்டு காசைப் பார்ப்பதில் பயனில்லை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நிற வித்தியாசம் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க வேண்டும்.

கழுவாததில் தவறிய அந்த 2 காசு? இரண்டும் 1944, 1945 ஆண்டுக் காசுகள். புழக்கத்தில் போகாமல் நேரே சொம்புக்குள் வந்திருக்க வேண்டும், தேய்மானமே இல்லை. தோல் முழுசாக இருந்தது. அந்த நிலையில் நிறத்தை வைத்துச் சொல்வது யாராலும் ஆகாது என்றே நினைக்கிறேன்.

இங்கிலாந்து இந்தப் பாடத்தை இரண்டு முறை படித்தது. எட்டாம் ஹென்றி 1540-களில் வெள்ளிக் காசில் செம்பை ஏற்றினார். காசில் அவர் முகம் நேராகப் பார்க்கும், மூக்குதான் உயர்ந்த இடம். நாளடைவில் மூக்கில் வெள்ளி தேய்ந்து செம்பு சிவக்க, ஜனங்கள் ராஜாவுக்கே 'செம்பு மூக்கன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்புறம் 1920-இல் அங்கே வெள்ளியை 92.5-லிருந்து 50-க்கு இறக்கினார்கள். முதலில் வந்த கலப்புகள் அசிங்கமாக மஞ்சளடித்துப் போயின. கலப்பை மாற்றி மாற்றிப் பார்த்து, 1927-இல்தான் நிக்கலும் துத்தநாகமும் தலா 5 சேர்த்தால் ஓரளவு வெண்மை நிற்கிறது என்று கண்டுகொண்டார்கள். 1940-இல் இந்தியாவுக்கு வந்தது அதே கலப்பு. நம் அரை வெள்ளி ரூபாய் கண்ணை இவ்வளவு ஏமாற்றுகிறதென்றால், அதற்கு அங்கே ஏழு வருடப் பயிற்சி நடந்திருக்கிறது.

விளிம்பு

நிறத்தில் தடுமாறிய எல்லாக் காசுக்கும் விளிம்பில் ஒரே பார்வையில் விடை கிடைத்தது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

முழு வெள்ளி ரூபாயின் விளிம்பில் நேர்க்கோடாகப் பல் வெட்டியிருக்கும், சீப்பைப்போல, மேலிருந்து கீழ்வரை தடையில்லாமல். அரை வெள்ளி ரூபாயில் அந்தப் பற்களின் நடுவே காசைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடும். வாய்க்காலுக்குள் சின்னச் சின்ன மேடு வரிசையாக இருக்கும். இதற்குக் காரணம் பாதுகாப்பு. ஒரு ரூபாய்க் காசில் இருக்கிற உலோகத்தின் விலை இறங்கினால் கள்ளக் காசு அடிக்கிறவனுக்கு லாபம் கூடும். அச்சில் வார்த்து எடுக்கிறவனால் அந்த வாய்க்காலைச் சுத்தமாகக் கொண்டுவர முடியாது என்பது கணக்கு. கள்ளக் காசுக்காரனைப் பிடிக்க வைத்த அடையாளம், 80 வருடம் கழித்து எங்கள் வீட்டுப் பங்குப் பிரிவினைக்கு உதவியது.

பத்துப் பத்தாக அடுக்கி, அடுக்கைப் படுக்கவைத்து உருட்டிப் பார்த்தோம். வாய்க்கால் உள்ளவை வரிசையில் தனியே தெரிகின்றன. தலையைத் திருப்பிப் பார்த்து ஆண்டு படிப்பதைவிட வேகம். படிக்க முடியாத மூன்றைத் தவிர மொத்தத்தையும் தங்கை இரண்டு நிமிடத்தில் பிரித்துவிட்டாள். என் அட்டையும் ஓட்டையும் வேடிக்கைப் பொருளாகிவிட்டன.

இந்த வழி ரூபாய்க்குத்தான். நாலணா, எட்டணாவுக்கு அப்படியே ஒப்பிக்காதீர்கள். மேலே சொன்னபடி மாற்றம் 1940-க்குள்ளேயே படிப்படியாக நடந்ததால், அந்த ஆண்டுச் சில்லறையை ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்வது ஆபத்து. இன்னொன்று, 1939 ரூபாய் மிகவும் அரிது. அது கையில் வந்தால் வெள்ளிக் கணக்கை மறந்துவிட்டு, உண்மையான காசுதானா என்று தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

சுண்டிப் பார்க்கும் முறையையும் சித்தப்பா வற்புறுத்தினார். கட்டைவிரல் நகத்தில் சுண்டி, காதருகே வைத்துக் கேட்பது. நல்ல வெள்ளியின் நாதம் நீண்டு இழைகிறது, அரை வெள்ளியில் சீக்கிரம் அடங்குகிறது. வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கொக்கி வைத்துப் பற்றவைத்த காசும், மயிரிழை விரிசல் விட்ட காசும் எந்த வெள்ளியானாலும் மொத்தென்று கேட்கும். அவருக்குப் பழகின காது. எனக்கு அது கைகூடவில்லை.

கடையில் நடந்தது

நடுவில் ஒரு 1907 எட்வர்டையும் ஒரு 1944 ஜார்ஜையும் எடுத்துக்கொண்டு சித்தப்பா டவுனுக்குப் போனார். ஒரு நகைக் கடையில் இரண்டையும் புரட்டிக்கூடப் பார்க்காமல் "பழைய காசு, கலப்பு அதிகம்" என்று ஒரே விலை சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு கடையில் டச் பார்க்கும் மெஷினில், அதாவது கதிர் பாய்ச்சி நூற்றுக்கு எவ்வளவு வெள்ளி என்று காட்டும் மெஷினில் வைத்தார்கள். 1907 காசு 90-ஐத் தாண்டியது. 1944 காசு பூப் பக்கத்தில் 60-க்கு மேல், தேய்ந்த கன்னத்தில் 55-க்கும் கீழே என்று காட்டியதாம். மெஷின் கெட்டுவிட்டது என்று வந்து சொன்னார்.

மெஷின் கெடவில்லை. அந்தக் கதிர் காசுக்குள் ஒரு முடியின் பருமன் அளவுக்குத்தான் போய் வருகிறது. பள்ளத்தில் வைத்தால் தோலை அளக்கும், தேய்ந்த மேட்டில் வைத்தால் சதைக்குக் கொஞ்சம் கிட்டே போகும். என் கண் ஏமாந்த அதே இடத்தில் மெஷினும் ஏமாந்தது என்பதில் எனக்குச் சின்ன ஆறுதல். ஆசாரியின் உரைகல்லும் மேலாக ஒரு கோடு இழுத்தால் இதே கதைதான். அரம் போட்டுத் தோலை எடுத்துவிட்டு உரைத்தால்தான் உண்மை மாற்று தெரியும். பழைய காசில் அரம் போட எனக்கு மனசு வராது.

படிக்க முடியாத மூன்று

மூன்றிலும் விளிம்பு மழுங்கிப்போயிருந்தது. அதனால் தண்ணீரில் எடை பார்த்தோம். வெள்ளி செம்பைவிடக் கனம். கணக்குப்படி முழு வெள்ளி ரூபாயின் அடர்த்தி 10.3-க்குச் சற்று மேல், அரை வெள்ளி 9.5. காசு எவ்வளவு தேய்ந்தாலும் எடை குறையுமே தவிர இந்த எண் மாறாது. செய்முறை எளிது: 0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசு, அதன் மேல் தம்ளரில் தண்ணீர், தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி அடியில் தட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண்தான் காசின் கன அளவு. காசின் எடையை அதால் வகுத்தால் முடிந்தது. தெரிந்த காசில் முதலில் ஒத்திகை பார்த்தோம். அந்த 1907 காசு 11.58 கிராம், தண்ணீரில் 1.12, விடை 10.34. 1944 காசு 11.62, தண்ணீரில் 1.22, விடை 9.52. காற்றுக் குமிழி ஒட்டினால் கணக்கு கெடும் என்பதால் காசைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டோம்.

முதல் காசு, இரண்டு பக்கமும் கூழாங்கல்போல் வழவழப்பாகத் தேய்ந்தது. வெள்ளை. 10.74 கிராம், தண்ணீரில் 1.04. அடர்த்தி 10.3. முழு வெள்ளி.

இரண்டாவதில் இரண்டு பக்கமும் அரம் போட்டு வழித்து, யாரோ ஒருவரின் முதலெழுத்தை வெட்டியிருந்தார்கள். யாருடையது என்று அத்தைக்கும் தெரியவில்லை. தோல் முழுக்கப் போய்விட்டதால் இந்தக் காசின் நிறம் மட்டும் பொய் சொல்ல வழியில்லை: நல்ல வெயிலில் மாநிறம், வெளிறிய பித்தளைபோல. அரை வெள்ளி என்று பார்த்ததுமே சொன்னேன். 10.31 கிராம், தண்ணீரில் 1.08, அடர்த்தி 9.5.

மூன்றாவதுதான் ஒரு மாலைப் பொழுதைத் தின்றது. காசுமாலைக்காகக் கொக்கி வைத்துப் பற்றவைத்த காசு, கொக்கி பாதி உடைந்திருந்தது. 11.20 கிராம், தண்ணீரில் 1.13. விடை 9.9. முழுசும் இல்லை, அரையும் இல்லை. பற்றாசும் அதன் பொந்தில் மாட்டிய காற்றும் எண்ணைக் கீழே இழுத்திருக்க வேண்டும், ஆனால் எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? நிறமும் உதவவில்லை, புளியில் குளித்த 18-இல் இதுவும் ஒன்று.

இரவு கரண்டு போனது. தங்கை செல்போன் விளக்கைத் தரையோடு தரையாக வைத்திருந்தாள். காசு அதன் முன்னால் கிடந்தது. ஒளி சாய்வாக விழுந்ததில், பகலில் வெறும் தகடாக இருந்த இடத்தில் ஒரு தலையின் நிழல் எழுந்து நின்றது. கிரீடம் இல்லை. வழுக்கை. முகம் வலது பக்கம் பார்க்கிறது. "அண்ணே, மொட்டைத் தலை ராஜா" என்றாள். அப்பத்தா அப்படித்தான் சொல்வார்.

விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் மூவரும் ரூபாயில் இடது பக்கம் பார்ப்பவர்கள். வலது பக்கம் பார்க்கிற வெறுந்தலை எட்வர்ட் காலத்தில் அரை வெள்ளி ரூபாயே கிடையாது. தராசு தீர்க்காததைச் சாய்ந்த வெளிச்சம் தீர்த்துவைத்தது.

சிலோன் ஐம்பது சதம்

இரண்டும் ஐந்தாம் ஜார்ஜ், அளவு ஒன்று, எடை 5.83 கிராம், மரம் ஒன்று, விளிம்பும் ஒன்று. ஒன்று 1917, மற்றது 1927. இலங்கையில் முதல் உலகப் போரையொட்டியே வெள்ளியைக் குறைத்துவிட்டார்கள்: 1917 வரை நூற்றுக்கு 80, 1919 முதல் 55. விளிம்பு காட்டிக்கொடுக்காது என்பதால் ஆண்டைப் படிக்கத்தான் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது 1927-இன் மரத்தண்டில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்ததாக எனக்குப் பட்டது. ஆண்டு தெரிந்த பிறகு பார்த்ததால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மலேயாவுக்குப் போய்வந்த குடும்பங்களில் 1939-ஆம் ஆண்டு இருபது காசும் 1945-ஆம் ஆண்டு இருபது காசும் சேர்ந்து கிடந்தால் இதே கவனம் தேவை: முன்னதில் 75, பின்னதில் 50.

பங்கு

முடிவில் முழு வெள்ளி 23, அரை வெள்ளி 16, நிக்கல் 2. தேய்மானத்தைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் முழு வெள்ளிக் காசு ஒன்றில் 10.69 கிராம் வெள்ளி, அரை வெள்ளியில் 5.83. சித்தப்பாவுக்கு முழு 8, அரை 5. எனக்கும் அதே. அத்தைக்கு முழு 7, அரை 6. ஆளுக்கு 13 என்ற சித்தப்பாவின் கணக்கும் கெடவில்லை. அத்தைக்கு மட்டும் 4.86 கிராம் குறைகிறது. 1917 சிலோன் காசில் இருக்கிற வெள்ளி 4.66 கிராம். அதை அத்தையின் குவியலில் வைத்தேன்.

"இது எதுக்குடா?" என்றார். கணக்கைச் சொன்னேன். இரண்டு ஓலைக் கொட்டானையும் கையில் மாறி மாறித் தூக்கிப் பார்த்துவிட்டு, சரி என்று முந்தானையில் முடிந்துகொண்டார். புலி போட்ட இரண்டும் சித்தப்பா பேரன்களுக்குப் போயின. 1927-ஐ கூலியாக நான் வைத்துக்கொண்டேன். அதை இன்னும் கழுவவில்லை.